மாசி நடுகைக்கு நாற்று: கூடாரத்துக்குள் சூடு, கிணற்றில் சுண்ணாம்பு, வீட்டில் வாக்குவாதம்

செம்மண் (உரும்பிராய்), தை 4

வணக்கம். மாசி நடுகைக்கான நாற்றுப் பற்றி அனுபவம் உள்ளவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பொலித்தீன் கூடாரம் 20 அடி அகலம், 40 அடி நீளம். கூரைக்கு 200 மைக்ரோன் பொலித்தீன், சுற்றிவரப் பூச்சி வலை. ஓரத்தில் உயரம் 7 அடி, நடுவில் 10. நானும் மனைவியும் அம்மாவுமாகவே பார்க்கிறோம், கூலிக்கு ஆள் இல்லை. பொங்கலுக்கு முன்பே அயலவர்கள் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். மனைவியின் கொப்பி நிறைந்துவிட்டது.

ஆனால் நாற்று நெடுநெடுவென்று மெலிந்து வளர்ந்து, காற்றில்லாமலே சாய்கிறது. மிளகாயின் குருத்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மதியத்தில் உள்ளே நின்றால் மூச்சு முட்டுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவிடம் கேட்டேன். கூடாரத்தின் வரைபடமே அவர் அனுப்பியதுதான். "வசந்தகால நடுகைக்கு முன் வெப்பத்தைப் பிடித்து வைக்க வேண்டும், பக்கத்து வலைக்கு மேலாகவும் பொலித்தீன் அடி" என்கிறார். அம்மாவோ எல்லாத் தட்டுகளையும் தூக்கி மாமர நிழலில் வை என்கிறார். எதைச் செய்வது?

தோட்டக்காரி (அச்சுவேலி), தை 4

தம்பி, இரண்டையும் செய்ய வேண்டாம். பக்கத்தை மூடினால் நாற்று வெந்துவிடும். மாமரத்தின் கீழ் வைத்தால் இன்னும் நெடுக்கும். வலைக்கு வெளியே போனதும் வெண்ஈ வந்து குந்திவிடும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் கூடாரம் கட்டுவது இரண்டு காரணத்துக்காக. ஐப்பசி, கார்த்திகை மழை நாற்றை அடித்துப் போடக் கூடாது. வெண்ஈ மிளகாய்க்கு இலைச்சுருள் நோயைக் கொண்டுவந்து இறக்கக் கூடாது. சூட்டுக்கு இங்கே என்ன குறை? நுவரெலியாவிலும் வெலிமடையிலும் பார்த்துவிட்டு வந்து அதே அளவில் இங்கே கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே இரவு குளிர், தாழ்ந்த கூரை கொள்ளும். இங்கே ஓரத்திலேயே 10, 12 அடியாவது வேண்டும். சூடான காற்று மேலே போய் வெளியேற உச்சியில் திறப்பும் வேண்டும். உங்களுடையதில் திறப்பு இருக்கிறதா? நிழல் வலை போட்டிருக்கிறீர்களா, எத்தனை சதவீதம்?

செம்மண், தை 4

உச்சித் திறப்பு இல்லை அக்கா. கூரைக்குக் கீழே 75 சதவீத நிழல் வலை கட்டியிருக்கிறது. சூடு என்பதால் விதைத்த நாளிலிருந்து அகற்றவில்லை.

வேர்முடிச்சு (கிளிநொச்சி), தை 4

நாற்று நெடுத்ததற்கு அந்த வலையே காரணம். 75 சதவீத வலை என்றால் வெளிச்சத்தில் கால்வாசிதான் கீழே வருகிறது. பொலித்தீன் தடுப்பதையும் சேர்த்தால் இன்னும் குறைவு. வெளிச்சம் குறைந்து வெப்பம் கூடினால் எந்தக் கன்றும் தண்டை நீட்டி வெளிச்சத்தைத் தேடும். முளை வெளியே வரும்வரைதான் நிழல் தேவை. அதன் பிறகு 50 சதவீத வலை போதும். அதையும் கயிற்றில் இழுத்து மூடித் திறக்கக்கூடியதாகக் கட்டுங்கள். காலை பத்து மணிவரையும் மாலை மூன்றுக்குப் பிறகும் திறந்தே இருக்கட்டும். ஆனால் இன்றே முழுவதையும் கழற்றாதீர்கள். நிழலில் வளர்ந்த இலை ஒரே வெயிலில் கருகும். நாளுக்கு ஒரு மணித்தியாலமாகக் கூட்டுங்கள்.

தக்காளி, கத்தரி நாற்றின் தலையை மெல்லிய தடியாலோ கையாலோ நாளுக்கு இரண்டு தடவை தடவிவிடுங்கள். காற்றில் அசைந்ததைப் போல எடுத்துக்கொண்டு தண்டு தடிக்கும். இலை ஈரமாக இருக்கும்போது வேண்டாம். மிளகாய்க்கும் வேண்டாம், இலை காயப்படும்.

மஞ்சளுக்கு வருகிறேன். குருத்தில் மஞ்சள், நரம்பில் பச்சை என்றால் அது இரும்புக் குறைபாடு. தழைச்சத்துக் குறைந்தால் கீழ் இலையில்தான் முதலில் தெரியும். யூரியா போட்டுவிடாதீர்கள், நெடுத்த நாற்று இன்னும் நெடுக்கும். உங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கியவை. அந்தத் தண்ணீரில் இருகாபனேற்று, அதாவது கரைந்த சுண்ணாம்பு, அதிகம். செம்மண் தரை அதைத் தாங்கும். தட்டுக்குழியில் இருக்கும் ஒரு பிடி தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) தாங்காது. தினமும் ஊற்ற ஊற்ற அதன் பி.எச். அளவு (காரத் தன்மை) ஏறி, இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாமல் போகிறது.

பனிக்காட்டான் (ஸ்காபுறோ, கனடா), தை 5

செம்மண்ணின் அண்ணாவுக்காக ஒருவர் பேச வேண்டாமா? அவர் சொன்னது இங்கே சரியான சொல். இன்று எங்கள் வீட்டுப் பின்வளவில் பனி முழங்காலளவு கிடக்கிறது. மார்ச்சில் தக்காளியை வீட்டுக்குள் விளக்கின் கீழ் விதைப்போம். பிறகு கூடாரத்துக்குள் மாற்றி, இரவில் வெப்பமூட்டி போட்டு, விரிசலையெல்லாம் நாடா ஒட்டி அடைப்போம். மே நடுப்பகுதிவரை உறைபனி வரலாம். விக்ரோறியா நாள் விடுமுறை, அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வந்தால்தான் தக்காளியையும் மிளகாயையும் வெளியே நடுவதற்குப் பலருக்குத் துணிவு வரும். இரவு 10 பாகைக்குக் கீழே போனால் கன்று சுருண்டுகொள்ளும். ஆறேழு கிழமை வெப்பத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அண்ணா அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறார், அவரைத் திட்டாதீர்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். அங்கே நடுகைக்கு அவசரம் எதனால்? உறைபனி இல்லை, மழை முடிந்துவிட்டது, கிணறு நிறைந்திருக்கிறது. பங்குனியில் நட்டால் என்ன?

தோட்டக்காரி, தை 5

தம்பி, உங்களுக்குக் குளிர் விடும் நாள் கணக்கு. எங்களுக்கு வெயில் பிடிக்கும் நாள் கணக்கு. சித்திரை, வைகாசி வந்தால் இரவுகூட 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. தக்காளி பூக்கும், காய் பிடிக்காது, பூ காம்போடு உதிரும். தக்காளிக்கு நட்டு நான்கைந்து கிழமையில் பூ வரும். மார்கழிக் கடைசியில், தை முற்பகுதியில் நட்டவர்களுக்கு மாசியின் குளிர்ந்த இரவில் காய் பிடித்துவிடும். மாசிக் கடைசியில் நட்டால் பூ பங்குனி வெக்கையில் மாட்டும்.

அதனால் செம்மண் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. உங்கள் தக்காளி நாற்று இப்போது எத்தனை இலையில் நிற்கிறது?

செம்மண், தை 5

இரண்டு உண்மை இலை. மார்கழி நடுவில்தான் விதை கிடைத்தது.

தோட்டக்காரி, தை 5

அப்படியானால் விற்கும் பருவத்துக்கு வர இன்னும் இரண்டு கிழமை. வாங்குகிறவர் நடும்போது மாசி நெருங்கிவிடும். தக்காளியைக் குறையுங்கள். கத்தரி வெக்கையைத் தாங்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஊதாக் கத்தரிக்கு இந்த ஊர்ச் சந்தையில் எப்போதும் ஆள் இருக்கிறது. மிளகாயும் ஓரளவு தாங்கும், ஆனால் நாற்றுக்கே 30, 35 நாள் வேண்டும். தக்காளி கேட்டவர்களுக்குக் கத்தரியைக் கொடுங்கள்.

செம்மண், தை 5, இரவு

இது அவர் மனைவி எழுதுகிறேன், கணக்கு அவருடையது. அக்கா, நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் கொப்பியில் பெயர் எழுதி முற்பணம் வாங்கியவள் நான். தக்காளி கேட்டவர்களில் பாதிப்பேர் தோட்டக்காரர் அல்லர். வீட்டு முற்றத்தில் பத்துக் கன்று, இருபது கன்று வைப்பவர்கள். ஒரு நேரக் குழம்புக்குக் காய் கிடைத்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி. அவர்களிடம் போய் இரவு வெப்பநிலை பேசவா? விதைக்கு 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொடுக்கும் விலை உங்களுக்குத் தெரியும். விதைத்ததைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் இல்லை.

வடமராட்சியான் (கரவெட்டி), தை 6

தங்கைச்சி சொல்வதுதான் நியாயம். கேட்டவனுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். காய்க்காவிட்டால் வெயிலைத் திட்டுவான்.

தோட்டக்காரி, தை 6

வெயிலைத் திட்ட மாட்டான், "அந்த வீட்டு நாற்று சரியில்லை" என்பான். அடுத்த புரட்டாதியில் வேறு வீட்டுக்குப் போவான். நாற்று விற்பவனுக்குப் பெயர்தான் முதல்.

தங்கைச்சி, கொட்டச் சொல்லவில்லை. இரண்டு விதமான ஆள் என்று நீங்களே பிரித்துவிட்டீர்கள், அதன்படியே செய்யுங்கள். முற்றத்தில் வைப்பவருக்குத் தக்காளியைக் கொடுங்கள். மதியத்துக்குப் பிறகு நிழல் விழும் இடத்தில், வாழைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பரப்புக் கணக்கில் நட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறவருக்கு நேரே சொல்லுங்கள்: இது பிந்திய நாற்று, விரும்பினால் கத்தரி, இல்லையென்றால் முற்பணம். நான் அப்படிச் சொன்னபோது முகம் சுளித்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வராதவர் இல்லை.

செம்மண், தை 6

மனைவி "சரி" என்கிறார். ஆனால் தொலைபேசியில் சொல்லும் வேலை எனக்காம்.

துலாக்கொடி (புன்னாலைக்கட்டுவன்), தை 6

பிள்ளைகள் எழுதியதை வாசித்தேன். நான் துலா (கிணற்று ஏற்றம்) மிதித்த ஆள். விடியப்புறம் ஒருவர் துலாவில் ஏறி நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் மாறுவார். மூன்று ஆள் இல்லாமல் தோட்டம் இல்லை. 1970க்கும் 77க்கும் இடையில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதை அரசு கட்டுப்படுத்தியிருந்தது. அந்த ஏழு வருடத்தில் இந்தச் செம்மண்ணில் கல்வீடு எழும்பாத ஒழுங்கை குறைவு. 77க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, விலை விழுந்தது. பிறகு நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் கூடாரம் ஏது? உயர்த்திய பாத்தியில் வைக்கோலும் உமியும் போட்டு எரித்து, சாம்பலோடு கொத்தி, விதை தூவி, மேலே கிடுகைப் பந்தலாக வைப்போம். முளைத்ததும் கிடுகை எடுத்துவிடுவோம். எரிப்பது ஏன் என்று கேட்டால் "நாற்று விழாது" என்பார்கள். இப்போது படித்த பிள்ளைகள் பங்கசு என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் அம்மா பஞ்சாங்கம் பார்ப்பாரா? அட்டமி, நவமியில் நாற்றுப் பிடுங்க விடமாட்டார் என்று நினைக்கிறேன். விட்டுக்கொடுங்கள், இரண்டு நாள் பொறுத்தால் நாற்றுக்கு ஒன்றும் வராது. வீட்டிலும் சண்டை வராது.

இன்னொன்று. வைகாசியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வரும். உங்கள் கூடாரத்துக்குத் தென்மேற்கில் என்ன நிற்கிறது? வெறும் வெளியா, வேலியா? பொலித்தீனைக் கிழிப்பது வெயிலைவிடக் காற்றுத்தான்.

செம்மண், தை 6

ஐயா, தென்மேற்கில் கிளுவை வேலி இருக்கிறது, இடைவெளி அதிகம். அம்மா பஞ்சாங்கம் பார்ப்பார். அட்டமிக்கு அடுத்த நாள் நாற்றுப் பிடுங்கலாம் என்றால் அது நவமி என்பார்.

வடமராட்சியான், தை 6

எல்லோரும் வலிகாமத்துச் சுண்ணாம்பையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் கிணறு ஆனியில் உவர்க்கத் தொடங்கினால் ஆவணியில் வாயில் வைக்க முடியாது. கூடாரத்துக்குள் மழையும் படாது, உப்புக் கழுவப்படுவதும் இல்லை. தட்டின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிகிறது. இதற்கு வழி சொல்லிவிட்டுப் பிறகு இரும்பைப் பேசுங்கள்.

வேர்முடிச்சு, தை 7

வழி உங்கள் கூரையில்தான் இருக்கிறது. பொலித்தீன் கூரையைவிடச் சுத்தமான மழைநீர் ஏந்தும் பரப்பு வேறு இல்லை. 20க்கு 40 அடி என்றால் ஏறத்தாழ 74 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். ஆகவே 25 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு நல்ல மழையில் 1,850 லீற்றர் விழுகிறது. வழிந்தது, தெறித்தது போனாலும் ஒன்றரை ஆயிரம் நிற்கும். இரு ஓரத்திலும் பீலி கட்டி 5,000 லீற்றர்த் தாங்கியில் விட்டால் கார்த்திகைக்குள் பல முறை நிரம்பி வழியும். சுண்ணாம்பும் இல்லை, உப்பும் இல்லை. நாற்றுத் தட்டுக்கு மட்டும் பாவித்தால் தை, மாசி முழுவதும் போதும். தோட்டத்துக்குக் கிணறு இருக்கட்டும்.

உப்பின் அளவு: மண் கரைசலில் மிளகாய் மீற்றருக்கு ஏறத்தாழ 1.5 டெசிசீமன்ஸ் (உப்பை அளக்கும் மின்கடத்து அலகு) வரை விளைச்சல் குறையாமல் நிற்கும், வெங்காயம் 1.2, தக்காளி 2.5. எந்தப் பயிர் முதலில் அழும் என்பது இதிலேயே தெரியும். கிணற்று நீரின் அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்; மாரி முடிவில் ஒன்று, ஆவணியில் ஒன்று.

தும்புத்தூளையும் கவனியுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூள் என்றால் அதுவே உப்பு. பாவிக்க முன் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊற வைத்துப் பிழிய வேண்டும்.

வடமராட்சியான், தை 7

மழை போன பிறகு பீலி கட்டச் சொல்கிறீர்கள்.

வேர்முடிச்சு, தை 7

அடுத்த மாரிக்குச் சொல்கிறேன் அண்ணா. இப்போதைக்குச் செம்மண்ணுக்கு: சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கலந்து, பி.எச். தாளில் 6 வரும்வரை இறக்குங்கள். அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றக் கூடாது. ஒவ்வொரு கிணற்றுக்கும் அளவு வேறு. அதோடு இலையில் தெளிக்கும் இரும்புச் சத்து ஒரு தடவை, மாலையில். புதுக் குருத்துப் பச்சையாக வந்தால் போதும், பழைய இலை மாறாது. சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதன் துளைகளிலும் இதே சுண்ணாம்புதான் படியும். அமிலம் கலந்த தண்ணீரைக் குழாயில் ஓரிரு மணி நேரம் நிற்கவிட்டு, கடைசி முனையைத் திறந்து கழுவிவிடுங்கள். கல்சியம் நைத்திரேற்றையும், சல்பேற்று அல்லது பொசுபேற்று உள்ள பசளையையும் செறிந்த கரைசலாக ஒரே வாளியில் கலக்க வேண்டாம். கரையாத வெள்ளைப் படிவாக அடியில் இறங்கும்.

தோட்டக்காரி, தை 7

தண்ணீர் விடும் நேரத்தையும் சொல்லுங்கள். காலையில் மட்டும். மாலையில் விட்டால் இரவு முழுவதும் ஈரம். தை, மாசியில் வெளியே பனி கொட்டும்போது பொலித்தீனின் உட்பக்கத்திலும் துளி கட்டி நாற்றின் மேல் சொட்டும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், கூடாரத்தையும் துளைக்கும். ஒரு தட்டில் தொடங்கும் நாற்றழுகல் விடியும்போது அடுத்த தட்டுக்குப் போய்விடும். தட்டுகளைத் தரையில் வைக்காமல் கம்பி மேசையில் வையுங்கள், கீழாலும் காற்றுப் போகட்டும். விழுந்த நாற்றைத் தூளோடு அள்ளி வளவுக்கு வெளியே போடுங்கள். விதைக்குத் திராம் அல்லது கப்டான் (பங்கசு கொல்லி மருந்து) போட்டீர்களா? அடுத்த முறை விதைக்கும்போது பாருங்கள்.

துலாக்கொடி, தை 7

வீட்டில் சுருட்டுக் குடிப்பவர் யாராவது உண்டா?

செம்மண், தை 7

அப்பா இல்லை. மாமா வருவார், மனைவியின் அப்பா. கோடா (பதப்படுத்தும் சாறு) போட்ட சுருட்டு. ஏன் ஐயா?

துலாக்கொடி, தை 7

அவரைக் கூடாரத்துக்குள் விடாதீர்கள்.

வேர்முடிச்சு, தை 7

ஐயா சுருக்கமாகச் சொன்னதை நான் விரிக்கிறேன். புகையிலைத் தேமல் வைரசு காய்ந்த இலையிலும் பதப்படுத்திய சுருட்டிலும் உயிர்ப்போடு கிடக்கும். விரலில் ஒட்டி வந்து தக்காளி, மிளகாய் நாற்றைத் தொட்டால் போதும். அதைப் பரப்பப் பூச்சி தேவையில்லை, கைதான் பரப்பும். நாற்றுப் பிடுங்குவது, கட்டுக் கட்டுவது எல்லாம் கையால் நடக்கும் வேலை. புகையிலைத் தோட்டத்தில் நின்றுவிட்டு வருபவர்களுக்கும் இதுவேதான், நம் ஊரில் அதற்குக் குறைவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஆடை நீக்கிய பாலில் கையை நனைத்துக்கொண்டு நாற்றைத் தொடுவதும் பல நாடுகளில் வழக்கம். பால் வைரசைச் செயலிழக்கச் செய்கிறது.

செம்மண், தை 8

மாமனாரிடம் "உள்ளே வராதீர்கள்" என்று நான் சொல்வதா? இந்த வீட்டில் நான் இன்னும் இருக்க வேண்டும். கதவில் "பிடுங்கும் வேலை நடக்கிறது, கை கழுவி வரவும்" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். மனைவி வாசித்துவிட்டு "இது அப்பாவுக்கா?" என்றார். எல்லோருக்கும் என்றேன்.

நிழல் வலை மாற்றியாயிற்று. தண்டு நிமிரத் தொடங்கியிருக்கிறது. நெடுத்த தக்காளியை என்ன செய்வது?

பனிக்காட்டான், தை 8

அது எனக்குத் தெரியும். தக்காளியின் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். நெடுத்ததை முதல் இலைச் சோடிவரை தாழ்த்தி நடச் சொல்லுங்கள், சரியாகிவிடும். மிளகாய், கத்தரிக்கு அந்த வரம் இல்லை.

தோட்டக்காரி, தை 8

சரியான சொல். விற்பதற்கு ஒரு கிழமைக்கு முன் தண்ணீரைக் குறைத்து, தட்டுகளை நாளுக்குக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துப் பழக்குங்கள். ஆனால் வெளியே வைக்கும்போது மேலே வலைப் பந்தல் வேண்டும். கூடாரத்துக்குள் 50 கண் (அங்குலத்துக்கு 50 துளை) வலை போட்டு வெண்ஈயைத் தடுத்துவிட்டு, கடைசிக் கிழமையில் வெளியே திறந்து வைத்து இலைச்சுருளை வாங்கிக்கொண்டு போகும் நாற்றுகளைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவருக்கு மூன்றாம் கிழமையில்தான் தெரியவரும். காலை ஆறு மணிக்கும் மாலை நான்குக்குப் பிறகும் மட்டும் நாற்றுக் கொடுங்கள். உச்சி வெயிலில் மோட்டார்சைக்கிளில் தட்டைக் கட்டிக்கொண்டு போனால் வீட்டுக்குப் போகும்போது கீரைதான்.

செம்மண், தை 9

இனிக் கூடாரத்தின் உடம்பைப் பற்றி. சித்திரைக்கு முன் உச்சியில் திறப்பு வைக்க இரும்பு வேலை செய்பவரைக் கூப்பிட்டேன். "எந்தப் பக்கம் திறக்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சித்திரைக்குப் பிறகு உள்ளே என்ன வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள், சும்மா கிடக்கவிடலாமா?

துலாக்கொடி, தை 9

வடகிழக்குப் பார்த்துத் திறந்தால் மாரியில் வாடைக்காற்றோடு மழை உள்ளே அடிக்கும். தென்மேற்குப் பார்த்துத் திறந்தால் சோளகம் வாய்க்குள் புகுந்து கூரையை மேலே தூக்கும். 2008 நிஷாப் புயலையும் 2020 புரெவிப் புயலையும் மறந்துவிட்டுக் கட்டாதீர்கள்.

வேர்முடிச்சு, தை 9

இரண்டு பக்கமும் திறந்து, மேலே ஒரு தொப்பிக்கூரை வைப்பதே நல்லது. நடு உச்சியில் இரண்டு அடி இடைவெளி. அதற்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் சிறு கூரை, இரு பக்கமும் நன்றாகத் தாழ்ந்து வரட்டும். இடைவெளிக்குப் பூச்சி வலை. காற்று எப்பக்கம் அடித்தாலும் மறுபக்கத்தால் சூடு உறிஞ்சப்படும். ஓரத்தையும் 10 அடிக்கு உயர்த்த முடிந்தால் அதே வேலையோடு செய்துவிடுங்கள், இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டாம். இரும்புக் குழாயில் பொலித்தீன் தொடும் இடங்களுக்கு வெள்ளை நிறம் பூசுங்கள். வெயிலில் குழாய் சுட்டுப் பொலித்தீன் முதலில் அங்கேதான் கிழியும். கந்தகம் சேர்ந்த மருந்துகளை உள்ளே அடிக்கடி தெளித்தாலும் பொலித்தீனின் ஆயுள் குறையும்.

தண்ணீர்ப் புகை தெளித்துக் குளிரவைக்கும் இயந்திரம் விற்க யாராவது வந்தால் யோசித்து வாங்குங்கள். வறண்ட காற்றில் அது வேலை செய்யும். நமக்குக் கடல் மூன்று பக்கமும் இருக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம், குளிர்ச்சி சொற்பம்தான் கிடைக்கும், இலை நோய் மிச்சமாகக் கிடைக்கும்.

சித்திரைக்குப் பிறகு சலாது வெள்ளரி வைக்கலாம். மகரந்தம் இல்லாமல் காய்க்கும் இனமாகப் பார்த்து வாங்குங்கள், வலைக்குள் தேனீ வராது. விடுதிகளும் உணவகங்களும் வாங்கும்.

தோட்டக்காரி, தை 9

தம்பி படித்தவர், நான் மறுத்துச் சொல்கிறேன். மூன்று பேர் பார்க்கும் வீட்டில் கோடையிலும் கூடாரத்தை நிரப்பினால் தோட்டத்தைப் பார்க்க ஆள் இராது. வெள்ளரிக்கு நாளுக்கு நாள் கொடி கட்ட வேண்டும், பக்கக் கிளை ஒடிக்க வேண்டும், சாம்பல் நோய் பார்க்க வேண்டும். விடுதிக்காரர் ஒரு கிழமை வாங்குவார், மறு கிழமை தொலைபேசியை எடுக்க மாட்டார். நான் வைகாசியில் மூடிவிடுவேன். தரையை நனைத்து, நிறமில்லாத பொலித்தீனால் மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து ஐந்தாறு கிழமை விடுவேன். அந்தச் சூட்டில் பங்கசும் வேர்முடிச்சுப் புழுவும் களை விதையும் பெருமளவு அடங்கும். தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைத்து அடுக்குவேன். ஆவணியில் மீண்டும் விதை. காசு வருவது நாற்றில்தான். ஒரு மாதத்தில் உள்ளே போட்டது வெளியே வருகிறது.

வேர்முடிச்சு, தை 10

மூன்று மாதம் சும்மா கிடக்கும் கூடாரத்துக்கும் பொலித்தீன் தேய்கிறதே அக்கா. மூன்று, நான்கு வருடத்தில் மாற்ற வேண்டிய கூரை. பாதியை மூடி, பாதியில் வெள்ளரி வைத்தாலும் ஆகாதா?

தோட்டக்காரி, தை 10

பாதியை மூட நடுவில் வலைத் தடுப்பு யார் கட்டுவது? நீங்கள் வந்து கட்டுங்கள், தேநீர் தருகிறேன்.

செம்மண், தை 10

மனைவி தோட்டக்காரி அக்காவின் பக்கம். நான் இந்தக் கோடையில் நான்கு வரிசை வெள்ளரி மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு இரண்டும் சம்மதமில்லை, "அங்கே புழுங்கல் நெல் காயப் போடலாம்" என்கிறார்.

தொப்பிக்கூரைக்கு இரும்பு வேலை செய்பவர் மாசி முதல் கிழமை வருகிறார். அதற்குள் தட்டுகளை எங்கே மாற்றுவது என்பதுதான் இப்போதைய கேள்வி. வலைப் பந்தல் இரண்டு நாளைக்கு இரவல் தரக்கூடியவர் யாராவது உரும்பிராய், கோண்டாவில் பக்கம் இருக்கிறீர்களா?

வடமராட்சியான், தை 10

கரவெட்டியில் என்னிடம் 15 அடி வலை சும்மா கிடக்கிறது. பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன். திருப்பி அனுப்பும்போது இருபது கத்தரி நாற்றுச் சேர்த்து அனுப்புங்கள். ஊதா இனம், நெடுத்தது வேண்டாம்.